நிலா போட்ட கவர்

மே மாதம் பதினெட்டாம் தேதி, மருந்து மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நான் சொல்லாமல் விட்டது இதுதான்: ‘நிலா இல்லாத ராத்திரியும் மாத்திரை சாப்பிடணும்.’

சொல்லி முடிக்க மூன்று வினாடி ஆகியிருக்கும். எதிரில் நின்றவள் வலிப்பு நோய்க்காரி. மாத்திரைக் கவரில் ராத்திரிக்கு அடையாளமாக நான் நிலா வரைந்திருந்தேன். அவள் வானத்தில் நிலா தெரிந்த ராத்திரிகளில் மட்டும் சாப்பிட்டிருந்தாள். அது எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது.

அந்த வருடம் நானும் அக்காவும் எழுதிக்கொண்ட கடிதங்கள் இவை. அக்கா நகரத்தில் டாக்டர். வருடத்துக்கு மூன்று தடவை லீவு போட்டுவிட்டு, மலைமேல் இருக்கும் குடியிருப்புகளுக்குப் போகும் மருத்துவக் குழுவோடு வருவாள். நான் அந்தக் குழுவுக்கு மருந்தாளராக ஒரு வருடம் தொண்டு செய்வதாக எழுதிக் கொடுத்துவிட்டு, அடிவாரத்தில் அவர்கள் வைத்திருந்த இரண்டு அறை மருந்தகத்தில் தங்கியிருந்தேன். அங்கே போனில் பேசுவதானால் ஜீப்பின் கூரைமேல் ஏறி நிற்க வேண்டும். அதனால் கடிதம். ஒரு வரியையும் திருத்தவில்லை.

*

பிப்ரவரி 3

அன்புள்ள அக்கா,

பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பாய். முதுகு எப்படி இருக்கிறது? “டாக்டரம்மா ஒவ்வொரு பள்ளத்துக்கும் என்னத்தான் முறைச்சாங்க, ரோட்ட ஒரு தடவகூட முறைக்கல” என்று ஜீப்காரர் குறைப்பட்டுக்கொண்டார். நான் சுகமாக இருக்கிறேன். அம்மாவிடம் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல். அது பாதி உண்மை.

ஜனவரி முகாமில் மிஞ்சிய மருந்தையெல்லாம் அடுக்கி முடித்தேன். என் படம் போட்ட கவர் முந்நூறும் தீர்ந்துவிட்டது. ‘இந்தச் சூரியன் ஏண்டி முட்டை மாதிரி இருக்கு’ என்று நீ சிரித்தாய். ஆனாலும் வேலைக்கு ஆகிவிட்டது பார். எழுத்துப் படிக்க ஆளில்லாத இடத்தில் காலைக்கு மலைக்குப் பின்னால் பாதிச் சூரியன், மதியத்துக்கு முழுச் சூரியன், ராத்திரிக்குப் பிறை. வாங்கிக்கொண்ட எல்லோரும் படத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

நீலக் கம்பளி போர்த்திக்கொண்டு வந்த பெண் ஞாபகம் இருக்கிறதா, வலிப்புக்கு? நீ அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டாய். மாத்திரை எண்ணும்போது அவள் என்னிடம் பேசினாள். ஒரு தடவை விழுந்தபோது கைக்குழந்தை அடுப்போரம் போய் விழுந்திருக்கிறது. காயம் ஒன்றும் இல்லை. ஆனால் மாமியார் அன்றைக்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். புருஷனும் அம்மா பக்கம். அவர்கள் வீடு எதிர்ச் சரிவில்தான் இருக்கிறது. “அழுதா இங்க கேக்கும். இது என் பிள்ள அழுறதுதான்னு தெரியும். போக முடியாது” என்றாள்.

நூற்றுப்பத்து மாத்திரை கொடுத்தேன். நிலாவைத் தொட்டுக் காட்டி, “இது வந்ததும் ஒண்ணு” என்று சொன்னேன். கவனமாகத் தலையாட்டினாள்.

முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. டாக்டருக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

பொடி

*

பிப்ரவரி 24

அன்புப் பொடிக்கு,

முதுகு தேவலை. அம்மாவுக்கு முழங்கால் வலி. மற்றபடி வீட்டில் எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். பொடி என்று உன்னைக் கூப்பிடுவது தெரிந்து இங்கே நர்ஸ்களெல்லாம் சிரிக்கிறார்கள். மருந்து கலக்குகிறவளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா என்று கேட்டேன்.

ஒரு செய்தி. உட்கார்ந்து படி. குழுத் தலைவர் உன் கவர் ஒன்றை எடுத்துக்கொண்டு போனாரல்லவா, அதை மற்றக் குழுக்காரர்களிடம் காட்டியிருக்கிறார். ஒன்பது குழுவுக்கும் இதே கவரை அச்சடிக்கப்போகிறார்கள். இருபதாயிரம். ‘யார் வரைஞ்சது’ என்று எல்லோரும் கேட்டார்களாம். ‘என் தங்கச்சி’ என்று நான் சொன்ன குரலை நீ கேட்டிருக்க வேண்டும்.

இரண்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவள் என்று உன்னைப் பற்றி நானும்தான் பேசியிருக்கிறேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். எதிர்வீட்டு அத்தை, ‘அப்ப இனிமே மாத்திரை வாங்கினா அவ படம்தான் வருமா’ என்று கேட்டாளாம். ‘அவ படம் இல்ல, அவ வரைஞ்ச படம்’ என்று அம்மா விளக்கிக்கொண்டிருக்கிறாள்.

சாப்பிடு. அது முழு உண்மையாக இருக்கட்டும்.

அக்கா

*

மார்ச் 20

அன்புள்ள அக்கா,

அம்மாவின் முழங்காலுக்கு நீ கொடுத்த களிம்பை ஒழுங்காகத் தடவுகிறாளா? எனக்குக் கொஞ்சம் சளி. தானாகப் போய்விடும்.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியாததால் பதில் இவ்வளவு தாமதம். அச்சகத்திலிருந்து மாதிரி வந்தது. பிறை கொஞ்சம் தடிமனாக இருந்தது, மெல்லிசாக்கி அனுப்பினேன். சூரியன் இன்னமும் முட்டைதான்.

மாதிரிக் கவரை ஜீப்காரரிடம் காட்டி, ‘இது என்னன்னு சொல்லுங்க’ என்றேன்.

“நிலா.”

“அப்படின்னா?”

“அப்படின்னா நிலாதான். நிலாவுக்கு உங்க ஊர்ல வேற அர்த்தம் ஏதாவது வெச்சிருக்கீங்களா?”

சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. உன்னையும் சிரிக்க வைக்கலாம் என்று எழுதுகிறேன். மே முகாமுக்குக் கவரோடு வருவாய் அல்லவா?

பொடி

*

மே 25

அன்புள்ள அக்கா,

இந்தத் தடவை முதுகு ஒன்றும் செய்யவில்லையே? ஜீப்காரர் உனக்காகத் தலையணை வைத்திருந்தார், நீ கவனித்தாயோ என்னவோ. இங்கே வெயில். நான் சுகம்.

முகாம் நன்றாக நடந்தது. குழுத் தலைவரும் போட்டோ எடுக்க வந்தவரும் என் மேசைக்குப் பின்னாலேயே நாள் முழுவதும் நின்றார்கள். போட்டோவில் நான் சிரிப்பதுபோல் விழுந்திருப்பேன்.

நீலக் கம்பளிக்காரியிடம் நீ கோபப்பட்டது நியாயம்தான். நூற்றுப்பத்தில் ஐம்பத்திரண்டு மாத்திரையை மீதி கொண்டுவந்தால் எந்த டாக்டருக்கும் கோபம் வரும். நீ அடுத்தவரைக் கூப்பிட்ட பிறகு அவள் என்னிடம் ஒன்று சொன்னாள். இந்த நாலு மாதத்தில் மூன்று தடவை விழுந்திருக்கிறாள். மாமியார் கடைசியாக ஒரு வார்த்தை கொடுத்திருக்கிறாள். இந்த மழைக்காலம் முடியும்வரை ஒரு தடவையும் விழாமல் இருந்தால் குழந்தையைத் திருப்பித் தருவதாக. விழுந்தால் அதோடு சரி.

ஒரு சந்தேகம். பொதுவாகக் கேட்கிறேன். வலிப்பு மாத்திரையை ஒருவர் மாதத்தில் பாதி நாள் சாப்பிட்டு, பாதி நாள் விட்டால் என்ன ஆகும்?

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

பொடி

*

ஜூன் 10

அன்புப் பொடி,

தலையணையைக் கவனித்தேன். ஜீப்காரரிடம் சொல். அம்மா களிம்பைப் பூசிக்கொண்டு தினமும் இரண்டு தெரு நடக்கிறாள். உன் சளி போயிற்றா? அதைப் பற்றி நீ எழுதவே இல்லை.

நீ கேட்டதற்குப் பதில்: விட்டு விட்டுச் சாப்பிடுவது அடியோடு சாப்பிடாததைவிட மோசம். உடம்பு மருந்துக்குப் பழகியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் அதுவே வலிப்பைக் கிளப்பும். இது உனக்கும் தெரிந்ததுதானே, ஏன் கேட்கிறாய்? நீலக் கம்பளிக்காரியை நினைத்தா? அவளுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ‘கவர்ல எப்படிப் போட்டிருக்கோ அப்படியே சாப்பிடு, ஒண்ணுகூட மாறக்கூடாது’ என்று உன் எதிரில்தானே சொன்னேன். நூற்றைம்பது மாத்திரையும் கொடுத்தாயிற்று. மீதி அவள் கையில்.

கவர்கள் எல்லாக் குழுவுக்கும் போய்விட்டன. அம்மா ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருக்கிறாள். நான் தடுத்தும் கேட்கவில்லை.

அக்கா

*

ஜூன் 29

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலம்தானே? சளி போய்விட்டது.

மழை இந்த வருடம் முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. மேலே ஒரு தடவை போய் யாரிடம் எவ்வளவு மருந்து இருப்பு என்று பார்த்துவிட்டு வரலாம் என்று ஜீப்காரரைக் கேட்டேன். “ஓடைப் பாலம் அடிச்சிட்டுப் போயாச்சு. ஜீப்பு ஒருவேளை திரும்பி வரும், நாம வரமாட்டோம். இருப்பு என்ன ஓடியா போகப்போகுது?” என்றார். இன்னொரு தடவை கேட்டேன். ஏன் இந்த அவசரம் என்று கேட்டு ஒரு மாதிரி பார்த்தார். நடந்து போகிறேன் என்று கிளம்பி ஓடைவரை போனேன். அக்கரை தெரியவில்லை. திரும்பிவிட்டேன்.

பகலில்கூட விளக்குப் போட்டுத்தான் கவர் ஒட்டுகிறேன். பதினாறு நாளாக நிலாவைப் பார்க்கவில்லை. இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

அந்தச் சட்டத்தை அம்மா கழற்றிவிட்டால் எனக்கு நிம்மதி. மற்றபடி ஒன்றும் இல்லை.

பொடி

*

ஜூலை 19

பொடிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா என்று இந்தத் தடவை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை.

சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டால் நீ அன்றைக்கெல்லாம் அந்த அறைக்குள் போகாமல், வாசற்படியிலேயே நின்று வேறெதையோ பேசிக்கொண்டிருப்பாய். உன் போன கடிதம் அப்படி இருந்தது. என்னத்தை உடைத்தாய்?

பத்து நாள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போ.

அக்கா

*

ஆகஸ்டு 6

அன்புள்ள அக்கா,

நலமா? நான் உடம்பால் சுகம்.

உடைத்தது கவரை. முகாமன்று நீ அவளைத் திட்டிவிட்டுக் கை கழுவப் போனாய். அவள் என் மேசைக்கு வந்தாள். அழவில்லை. கவரை நீட்டி நிலாவின்மேல் விரலை வைத்து, ‘நிலா வந்தப்பல்லாம் சாப்பிட்டேனே. ஒரு நாள்கூட விடல’ என்றாள். தப்பு கண்டுபிடிக்கிற குரல் இல்லை. கணக்கில் எங்கே பிசகியது என்று தானே தேடுகிறவள் குரல். மேலே அவர்கள் இருட்டியதும் படுத்துவிடுகிறார்கள். படுப்பதற்குமுன் நிலா தெரிகிற நாள் மாதத்தில் பாதிதான். அந்த நாட்களில் சாப்பிட்டாள். மற்ற நாட்களில் விட்டாள். விட்ட நாட்களில் விழுந்தாள். ‘இது வந்ததும் ஒண்ணு’ என்று சொன்னவளே நான்தான்.

பின்னால் குழுத் தலைவர் நின்றுகொண்டிருந்தார். போட்டோக்காரர் அச்சடித்த கவரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். அந்த நேரம் அவளிடம் உண்மையைச் சொன்னால், இருபதாயிரம் கவரும் தப்பு என்று அவர்கள் எதிரிலேயே சொல்வதாகும். அடுத்த வாரம் தனியாகப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவளிடம் வெறுமனே தலையாட்டி, புதுக் கவரை நீட்டினேன். அதிலும் நிலா. அடுத்த வாரம் ஜீப்புக்குச் சக்கர வேலை. அது முடிவதற்குள் மழை.

நீ சொன்னது அவள் காதில் இருக்கிறது. கவரில் போட்டிருக்கிற மாதிரியே, ஒன்றுகூட மாறாமல். ஜூன் நடுவிலிருந்து இங்கே வானமே இல்லை அக்கா.

இரண்டு வேலையைப் பாதியில் விட்டவள், மூன்றாவதில் தேறிவிட்டாள் என்று நீங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டீர்கள். அந்தச் சந்தோஷத்தை ஒரு வாரம் தள்ளிப்போட்டால் என்ன என்றுதான் நினைத்தேன். காரணம் அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் இருந்திருந்தால் எழுதியிருப்பேன்.

மற்றக் குழுக்களுக்கு நீதான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் எடுபடாது, அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது.

பொடி

*

செப்டம்பர் 2

அன்புள்ள அக்கா,

நீயும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மழை குறையவில்லை. என் ஆகஸ்டு ஆறாம் தேதிக் கடிதம் கிடைத்ததா? தபால் பையை ஜீப்காரர் நனையவிட்டதாகச் சொன்னார். நனைந்து போயிருந்தால் மறுபடி எழுதுகிறேன்.

பொடி

*

செப்டம்பர் 17

பொடி,

நனையவில்லை. வந்த அன்றே படித்தேன். அம்மா நலம். நீ சாப்பிடு.

மறுநாளே ஒன்பது குழுவுக்கும் எழுதிவிட்டேன். கவரை நிறுத்தச் சொல்லி. ராத்திரி மாத்திரை வாங்கிய ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்து நேரில் கேட்கச் சொல்லி. நாலு குழுவிலிருந்து பதில் வந்திருக்கிறது. இதுவரை எட்டுப் பேர், நிலாவைப் பார்த்துச் சாப்பிட்டவர்கள். சமாளித்துவிடலாம். இப்போதாவது தெரிந்ததே என்று தலைவர் சொன்னார். சட்டத்தை அம்மாவே கழற்றினாள். என் முகத்தைப் பார்த்திருப்பாள்.

உனக்குப் பதில் எழுதத்தான் வரவில்லை. உன்னைத் திட்டி எழுதினேன், கிழித்தேன். சமாதானம் சொல்லி எழுதினேன், அதையும் கிழித்தேன். இரண்டிலும் ஒன்றை விட்டுவிட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அதை எழுதாமல் எதை எழுதினாலும் நான் யோக்கியமாக இருக்க மாட்டேன்.

‘நிலா வந்தப்பல்லாம்’ என்று அவள் சொன்னது என் காதிலும் விழுந்தது. கை கழுவும் இடம் உன் மேசையிலிருந்து ஆறடிதான். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வலிப்பு கூடும் என்று சொல்கிறவர்களை ஆஸ்பத்திரியில் தினம் பார்க்கிறேன். இவளும் அந்தக் கட்சி என்று நினைத்தேன். என்ன சொல்கிறாய் என்று திரும்பிக் கேட்கவில்லை. ஈரக்கையோடு வந்து இரண்டாம் தடவையும் அதட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? கவரில் இருக்கிற மாதிரியே என்று. நீ பேசாமல் இருந்தாய். நான் பேசினேன். எது அதிகம் கெடுத்தது என்று எனக்குத் தெரியவில்லை.

பாலம் சரியானதும் போ. நான் காதில் வாங்கியும் கேட்காமல் விட்டதையும் அவளிடம் சொல். நான் வரும்வரை காத்திருக்காதே.

அக்கா

*

அக்டோபர் 12

அன்புள்ள அக்கா,

நேற்றுப் போய்விட்டு இறங்கினேன். எனக்கு ஒன்றும் இல்லை, கால்தான் வலிக்கிறது. பாலம் நடக்க மட்டும் ஆகியிருக்கிறது, ஜீப்காரர் அதுவரை கொண்டுவந்து விட்டார். ஏன் என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

அவள் வீட்டு வாசலில் இருந்தாள். நெற்றியில் புதுத் தழும்பு. என்னைப் பார்த்ததும் உள்ளே போய்க் கவரை எடுத்துவந்தாள். மழை படாமல் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். “எண்ணிப் பாருங்க. ஒண்ணுகூட மாத்தல. டாக்டரம்மா சொன்ன மாதிரியேதான். மழையில நிலாவே வரல” என்றாள். நூற்றைம்பதில் நூற்று இருபத்து நாலு மீதி இருந்தது. எண்ணி முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், சரியாக இருக்கிறது என்று நான் சொல்வேன் என்று.

மழையில் நாலு தடவை விழுந்திருக்கிறாள். மூன்று தடவை யாரும் பார்க்கவில்லை. நாலாவது, மாமியார் வீட்டு முற்றத்தில். குழந்தையைத் தூரத்திலிருந்து பார்க்கலாம் என்று போனபோது. குழந்தையும் பார்த்தது.

நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். படம் ராத்திரிக்குத்தான், நிலாவுக்கு இல்லை, தப்பு என்னுடையது, மே மாதமே எனக்குத் தெரியும் என்று. நீ சொல்லச் சொன்னதையும் சொன்னேன். அவள் கவரை எடுத்து நிலாவின்மேல் விரலை வைத்தாள்.

“அப்ப நிலாவ எதுக்குப் போட்டீங்க?” என்று கேட்டாள்.

சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

பிறகு இரண்டு பேருமாக எதிர்ச் சரிவுக்குப் போனோம். மாமியாரிடம் நானே பேசுவதாக இருந்தேன். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். அவள் என்னைத் தடுக்கவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. வீடு பூட்டியிருந்தது. அவளுக்கு முன்பே தெரியும். நான் கேட்டதால் கூட வந்தாள், அவ்வளவுதான். செப்டம்பர் முதல் வாரத்தில் புருஷனும் மாமியாரும் குழந்தையோடு கீழே செங்கல் சூளை வேலைக்குப் போய்விட்டார்கள். எந்த ஊர்ச் சூளை என்று பக்கத்து வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

அம்மாவின் முழங்காலைப் பார்த்துக்கொள். நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்.

பொடி

*

அவள் அன்றிலிருந்து ஒவ்வொரு ராத்திரியும் மாத்திரை சாப்பிட்டாள். அதன்பின் இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட விழவில்லை. அக்காவும் நானும் பதினேழு சூளைகளில் விசாரித்தோம். குழந்தை கிடைக்கவில்லை.